வன்னிக்கு ஏது கடல்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி என்றதும் குளம், வயல், காடு, பாலைப்பழம் என்றுதான் வெளியூர்க்காரர் நினைக்கிறார்கள். வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கும் கடல் என்பது மீன் வரும் இடம், அவ்வளவுதான். முல்லைத்தீவுப் பக்கம் நீண்ட காலம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். வகுப்பறையிலும் மீன் சந்தையிலும், விடுமுறைக்கு வந்த உறவினரோடு இருந்து கதைக்கும்போதும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வன்னிக்கு ஏது கடல்?

ஒன்றல்ல, இரண்டு பக்கமும் இருக்கிறது. கிழக்கே கொக்கிளாய் தொடங்கி நாயாறு, முல்லைத்தீவு, சாலை என்ற ஊர், சுண்டிக்குளம் வரை வங்காள விரிகுடா. மேற்கே பூநகரியிலிருந்து விடத்தல்தீவு, மன்னார் வரை பாக்கு விரிகுடா. அதற்குத் தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் மன்னார் வளைகுடா. கிழக்குக் கடல் கரையிலேயே அலையடிக்கும், கொஞ்சத் தூரத்தில் ஆழம் போய்விடும். மேற்கே பாக்கு விரிகுடாவில் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் ஆழமான இடம் அரிது. ஒரு நல்ல தென்னை மரத்தை நட்டு வைத்தால் வட்டு வெளியே தெரியும்.

காற்றும் இரண்டு. வாடை (வடகிழக்குக் காற்று) வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது மேற்குக் கடல் குழம்பும். அதனால்தான் தொழிலாளர்கள் காலத்துக்குக் காலம் வலையையும் சட்டிபானையையும் கட்டிக்கொண்டு மறுகரைக்குப் போய் வாடி அடித்துத் தங்கும் வழக்கம் ஏற்பட்டது.

இவ்வளவு ஆழமில்லாத கடலில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது?

ஆழமில்லாததால்தான் எல்லாம் இருக்கிறது. வெயில் அடி வரை போகிறது. வெயில் போனால் புல் முளைக்கிறது. கடற்புல் என்று சொல்வது பாசியல்ல. வேர், இலை, பூ எல்லாம் உள்ள தாவரம் அது, தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும். எங்களவர்கள் பாசியையும் இதையும் சேர்த்துச் சாதாளை என்றே சொல்லிவிடுவதால் இரண்டும் ஒன்றென்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

இந்தப் புல்தரைதான் மேற்குக் கரையின் வயல். ஓரா மீன் இதை மேய்கிறது. இறால் குஞ்சும் நீல நண்டின் குஞ்சும் பெரிய மீனின் வாய்க்குத் தப்பி இதற்குள் ஒளிந்து வளர்கின்றன. கணவாய் இதில் முட்டையை ஒட்டி வைக்கிறது. அலை கரையை அரிக்காதபடி வேர் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. கரையோரமாகக் கண்டல் காடு (உப்புநீரில் வளரும் மரங்கள்), அதற்கு அப்பால் புல்தரை, இன்னும் அப்பால் முருகைக்கல் பார் (பவளப்பாறை) என்று மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கண்டலில் பிறந்த குஞ்சு புல்லில் வளர்ந்து பாரில் பெரிதாகிறது. இதில் ஒன்றை அழித்துவிட்டு மற்றதில் மீன்பாடு குறைந்துவிட்டதென்று வியப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆவுளியா என்பது என்ன? உண்மையிலேயே இருக்கிறதா?

கடற்பசு. மன்னாரில் கடற்பன்றி என்றும் சொல்வார்கள். பெயர்தான் பன்றியே தவிர உறவு யானையோடு. மூன்று மீற்றர் வரை நீளமும் நானூறு கிலோ வரை எடையும் வரும். காற்றை மூச்செடுக்க மேலே வந்துதான் ஆக வேண்டும், குட்டிக்குப் பால் கொடுக்கும். முழுக்க முழுக்கக் கடற்புல்லை நம்பிய பிராணி. வளர்ந்த ஒன்று நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும். புல்லை வேரோடு கிளப்பித் தின்றுகொண்டே போவதால் அடியில் உழவுச்சால் போலத் தடம் விழும்.

எழுபது வருடம் வரை உயிர் வாழக்கூடியது. ஆனால் பெருகுவது மிக மெதுவாக. வயதுக்கு வரவே பல வருடம் எடுக்கும், சினை ஒரு வருடத்துக்கும் மேல், ஒரு தடவைக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருட இடைவெளி. ஒரு தாய் வலையில் சிக்கி மூச்சடைத்துச் செத்தால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை வருடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இலங்கையில் 1970 முதல் சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு இது. இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் வலையில் பட்டதைக் கரைக்குக் கொண்டுவந்து இரவோடிரவாகப் பங்கு போட்டுவிடுவது நின்றுவிட்டதென்று நான் சொல்ல மாட்டேன். எதிர்க்கரையில் தமிழ்நாடு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோ மீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவுக்குக் கடல் எல்லை தெரியாது. அந்தப் பக்கம் காப்பாற்றினாலும் இந்தப் பக்கம் காப்பாற்றினாலும் அதே கூட்டம்தான்.

இந்திய றோலர் (இழுவைப் படகு) வந்தால் என்ன? அவர்களும் மீன்தானே பிடிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை ஒரு கமக்காரர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். உங்கள் வயல் குடலைப் பருவத்தில் நிற்கிறது. இரவில் யாரோ வந்து, அதில் நிற்கும் நாலு முயலைப் பிடிப்பதற்காக வயல் முழுவதையும் உழவு இயந்திரத்தால் உழுதுவிட்டுப் போகிறார். காலையில் நீங்கள் முயலைப் பற்றிக் கவலைப்படுவீர்களா, வயலைப் பற்றியா?

இழுவை மடியின் வேலை அதுதான். மடியின் வாயை விரித்துப் பிடிக்க இரு பக்கமும் பாரமான பலகைகள் இருக்கும். கீழ்க்கயிற்றில் சங்கிலியும் ஈயமும் இருக்கும். அது தரையை உரசிக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் இறால் கிளம்பும். தரையை உரசும்போது புல் பிடுங்கப்படுகிறது, முருகைக்கல் உடைகிறது, முட்டை நசுங்குகிறது. கிளம்பிய சேறு நீரில் நின்று வெயிலை மறைப்பதால் பிடுங்கப்படாத புல்லும் வாடுகிறது. மடிக்குள் வந்ததில் இறால் கொஞ்சம், மிச்சம் விரல் நீளக் குஞ்சுகள். அவை கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகின்றன.

பாக்கு நீரிணையில் கடல் எல்லை 1974இலும், மன்னார் வளைகுடாவில் 1976இலும் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எல்லையைத் தாண்டி வரும் இரவுகள் வாரத்தில் மூன்று: திங்கள், புதன், சனி. அந்த இரவுகளில் எங்கள் சிறு படகுக்காரர் வலை விடப் பயந்து கரையில் இருப்பார்கள். துணிந்து விட்டவரின் வலை காலையில் துண்டு துண்டாக இருக்கும். கடன்பட்டு வாங்கிய வலை அது. யுத்த காலத்தில் வடக்கில் தொழில் முடங்கிக் கிடந்தபோது அந்தப் படகுகளுக்குக் கடல் திறந்து கிடந்தது. 2009க்குப் பிறகு எங்கள் ஆட்கள் தொழிலுக்குத் திரும்பியபோது அடித்தரை ஏற்கெனவே சுரண்டப்பட்டிருந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழ்நாட்டில் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் இங்குள்ள தொழிலாளர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அந்தப் படகுகளில் வருபவர்களும் தமிழர்கள்தானே, ஏன் பேசித் தீர்க்கக் கூடாது?

பேசினார்கள், பல தடவை. படகில் வேலை செய்பவர் ஒரு கூலி, படகின் முதலாளி வேறொருவர் என்பது பேச்சில் எப்போதும் விடுபட்டுப் போகும். இழுவைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் தொழிலுக்கு மாற உதவும் திட்டமொன்றை இந்தியா 2017இல் தொடங்கியது. 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. மாறியவை அதில் ஒரு சிறு பங்குதான். பாசமும் மொழியும் உண்மை, கிழிந்த வலையும் உண்மை.

அப்படியானால் கடல் கெட்டதற்கு முழுக் காரணமும் இந்தியப் படகுகள்தானா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பரவாயில்லை.

இலங்கையில் அடித்தரை இழுவை மடி 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அந்தச் சட்டம் வெளிநாட்டுப் படகுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. உள்ளூரிலும் இழுவை மடி வைத்திருந்தவர்கள் உண்டு, சட்டம் வந்த பிறகும் இழுத்தவர்கள் உண்டு. முல்லைத்தீவில் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். இரவில் பலத்த விளக்கைக் கொளுத்தினால் மீன் சிறிது பெரிது பாராமல் ஒரே இடத்தில் குவியும், அதைச் சுருக்குவலையால் வளைத்தால் ஓர் இரவில் ஒருவர் அள்ளுவது கரைவலைக்காரர் பலரின் பங்கு. தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழையில் பின்னியது) தடை செய்யப்பட்டது, ஆனாலும் பாவனையில் இருக்கிறது. அது கடலில் தொலைந்தால் உக்காது, ஆளில்லாமலே வருடக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். கணவாய் வந்து கூடுவதற்கென்று காட்டு மரக் கொப்பை வெட்டிக் கடலில் குழை தாழ்ப்பது இன்னொன்று. இதில் காடும் போகிறது.

வெடி வைப்பது எல்லாவற்றிலும் கேவலமானது. டைனமைற் வெடித்தால் மீனின் உள்ளே இருக்கும் காற்றுப்பை வெடிக்கிறது. மிதக்கும் மீனை அள்ளுவார்கள், அடியில் தாழ்ந்ததை எண்ணுபவர் யார்? ஆயிரம் வருடமாக வளர்ந்த முருகைக்கல்லை அரை நொடியில் சல்லியாக்குகிறது.

அயலவனின் றோலரைப் பிடிக்கச் சொல்லும் மேடையிலேயே உள்ளூர் வெடிக்காரரின் பெயரையும் சொல்லும் துணிவு வந்தால்தான் நாங்கள் கேட்பதில் நியாயம் இருக்கும்.

கடலட்டைப் பண்ணை நல்லதா, கெட்டதா?

இடத்தைப் பொறுத்தது. கடலட்டை இங்கே யார் வீட்டிலும் கறியாவதில்லை. அவித்து, காயவைத்து, சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர் என்று அனுப்புகிறார்கள், நல்ல விலை. கடலில் அதன் வேலை எங்கள் மண்புழுவின் வேலை: மணலைத் தின்று, அதிலுள்ள அழுகலைச் செமித்து, சுத்தமான மணலை வெளியே விடுகிறது. மூழ்கி அள்ளி அள்ளிக் கடலிலிருந்த அட்டை குறைந்துபோனதால் வளர்ப்பு நல்ல யோசனைதான்.

சிக்கல், வேலி அடிக்கும்போது வருகிறது. அட்டைக்கு வேண்டியது ஆழமில்லாத, புல் உள்ள, சேற்று மணல் தரை. சிறு தொழிலாளி கூடு வைத்து, களங்கண்டி (கம்பு நட்டுக் கட்டும் வலை) கட்டி, நடந்து போய் இறால் பிடிப்பதும் அதே தரையில்தான். 2021க்குப் பிறகு பூநகரிப் பக்கம் கௌதாரிமுனையில் சீனப் பங்குள்ள பண்ணை பெரும் விவாதமானது. 2022இல் கிராஞ்சியில் பெண்கள் முன்னின்று நீண்ட நாள் போராடினார்கள். தங்கள் கரையில் தங்களைக் கேட்காமல் யாருக்கு எவ்வளவு தரை அளந்து கொடுக்கப்படுகிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆமை எங்கள் கரையிலும் முட்டையிடுமா?

உலகத்தில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இலங்கைக் கரைகளுக்கு வருகின்றன. பெரிய அளவில் முட்டையிடுவது தெற்கே, றெக்கவ, கொஸ்கொட பக்கம். எங்கள் கடலில் அவை மேய்கின்றன, முக்கியமாகப் புல் தின்னும் பேராமை. முட்டை பொரிக்க ஐம்பது அறுபது நாள் எடுக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண். பூமி சூடாகச் சூடாக ஆண் ஆமை அரிதாகும் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் வகுப்பில் பெண் பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகு விளக்க வேண்டியிருக்கும்.

ஆமைக்குச் சொறிமுட்டை (ஜெலிமீன்) விருப்பம். தண்ணீரில் மிதக்கும் சொப்பிங் பையும் சொறிமுட்டை போலவே தெரியும்.

மன்னார் முத்துக்கு என்ன நடந்தது?

சிலாவத்துறை, அரிப்புக்கு எதிரே கடலுக்குள் முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. பண்டைய மாதோட்டத்துத் துறைமுகக் காலத்திலிருந்தே பேர் பெற்றவை. 1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் (முத்துக்குளிப்பில்) மட்டும் சுமார் எட்டுக் கோடிச் சிப்பி எடுத்தார்கள். வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பி மறைந்தது. அந்த வருமானத்தைக் கண்டு 1906இல் லண்டன் கம்பனியொன்று இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. ஓரிரு வருடத்தில் சிப்பி இல்லாமல் போனது. 1925இல் கடைசியாக ஒரு பெரிய சலாபம், அதோடு சரி. நீரோட்டம் மாறி, திருக்கை தின்று சிப்பி அழிவது இயற்கையாகவே உண்டுதான். ஆனாலும் எட்டுக் கோடியை அள்ளிய கையைக் கணக்கில் சேர்க்காமல் திருக்கையின் மேல் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொழும்பில் கப்பல் எரிந்தால் மன்னாரில் ஏன் கவலைப்பட வேண்டும்?

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன், அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம், சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். ஜூன் மாதத்தில் கப்பல் தாழ்ந்தது. பயறளவு வெள்ளை மணிகள் கரையில் பனி பெய்தது போலக் குவிந்தன, செத்த ஆமைகள் ஒதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு கட்டும்படி தீர்ப்பளித்தது.

மன்னாருக்கு இந்த விஷயம் தூரத்துச் செய்தியல்ல. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் தாழ்ந்தது. சில வாரங்களில் அதன் மணிகளென்று கருதப்படுபவை மன்னார்க் கரையில் ஒதுங்கின. சோளக நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்தது. மீன் முட்டை போலிருப்பதால் மீன் அதை விழுங்கும். கரையில் கண்டால் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், வெறுங்கையால் அள்ளாதீர்கள்.

நான் கமக்காரன். கடலைப் பற்றி எனக்கு என்ன?

உங்கள் வாய்க்கால் எங்கே முடிகிறதென்று பாருங்கள். வவுனியாவில் தொடங்கும் கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் களப்பில் (கடலோர உப்பேரியில்) விழுகிறது. பேராறு முல்லைத்தீவுக் களப்பான நந்திக்கடலில் விழுகிறது. பாலியாறும் பறங்கியாறும் மேற்குக் கடலுக்கு, அருவியாறு அரிப்புக்கு. வயலுக்கு எறிந்த யூரியாவில் பயிர் எடுக்காத பங்கும், நெல்லுக்கு அடித்த மருந்தும் மாரி வெள்ளத்தோடு அங்கேதான் போகின்றன. உரம் களப்பில் பாசியை வளர்க்கும். பாசி அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். தண்ணீர் வற்றிச் சூடேறும் மாதங்களில் மீன் வெள்ளை வெள்ளையாகச் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நந்திக்கடல் இறாலின் ருசியை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். களப்பு தூர்ந்து ஆழம் குறைந்துவிட்டதென்று தொழிலாளர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதன் கரையில்தான் வற்றாப்பளை அம்மன் இருக்கிறாள். வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிக்கிறோம். ஆயிரக்கணக்கான சனம் கும்பிடுகிறது. பொங்கல் முடிந்த மறுநாள் அதே களப்புக்கரையில் கிடக்கும் போத்தலையும் பையையும் நான் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கம் பாதுகாப்பதில்லையா?

கடதாசியில் நிறைய இருக்கிறது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயம், 2015இல் தேசிய பூங்கா. கொக்கிளாய் 1951இல் சரணாலயம். வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கிடமானது, 29,180 ஹெக்டேயர், கண்டலும் புல்தரையும் களிமண் வெளியும் சேர்ந்தது. அங்கேயே 168 ஹெக்டேயரை இறால் போன்ற நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று விடுவித்து 2024இல் வர்த்தமானி வந்தது, சூழலியலாளர் நீதிமன்றம் போனார்கள். கண்டலை வெட்டி இறால் பண்ணை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புத்தளம் இருக்கிறது: வெள்ளைப் புள்ளி நோய் வந்து கைவிடப்பட்ட குளங்களை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. நந்திக்கடலை 2017இல் ஒதுக்கிடமாக்கியபோது, தங்கள் காணியும் தொழில் செய்யும் இடமும் எல்லைக்கல்லுக்குள் போய்விட்டதென்று மக்கள் கலங்கினார்கள். இடம்பெயர்ந்து எல்லாம் இழந்து திரும்பியவர்களுக்கு எல்லைக்கல் என்றாலே பயம். கேட்காமல் நட்ட கல்லை ஊர் காவல் காக்காது.

கரையில் டொல்பினோ ஆவுளியாவோ உயிரோடு ஒதுங்கினால்?

வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். அவர்கள் வரும்வரை ஈரத் துணி போர்த்தி நிழல் கொடுங்கள், மூச்சுத் துளைக்குள் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. வாலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. கூட்டம் கூடிச் சத்தம் போடுவதும் அதன் முதுகில் பிள்ளையை இருத்திப் படமெடுப்பதும் அதைக் கொல்லும்.

சந்தையில் எதைப் பார்த்து வாங்குவது?

வயிற்றில் முட்டைத் திரளோடு உள்ள சினை நண்டை வாங்காதீர்கள். விலை குறைவென்று குஞ்சு மீனை வாங்காதீர்கள். உடல் தொளதொளவென்று, முள் முறிந்து, வெட்டும்போது உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் அது வெடி மீனாக இருக்கலாம். வாங்க வேண்டாம், ஏன் வாங்கவில்லை என்பதை வியாபாரிக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். சூடை, கீரி, நெத்தலி போன்றவை சீக்கிரம் பெருகுபவை, கரைவலையில் வருபவை, மலிவு, சத்து. விருந்தாளிக்குப் பாரைதான் வைக்க வேண்டும் என்ற கௌரவத்தைக் கொஞ்சம் விடலாம்.

வேளா மீன் என்றொன்று இருந்ததா?

இருந்தது. வாள் போல நீண்ட மூக்கில் இரு பக்கமும் பல்லுள்ள திருக்கை இனம். வலையில் அந்தப் பல் சிக்கினால் தப்ப முடியாது, நைலோன் வலை வந்த பிறகு அதன் கதை முடியத் தொடங்கியது. இன்று உலக அளவில் மிக ஆபத்தான நிலையில் உள்ளது. வயதானவர்களைக் கேட்டால் இரு கையையும் விரித்துக் காட்டுவார்கள். பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

இதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஆவுளியாவைத் தேடிப் படகில் போக வேண்டாம். அது எஞ்சின் சத்தத்துக்கே ஓடும், உங்களுக்கும் காசு வீண். மாரி ஓய்ந்து களப்பில் தண்ணீர் நிற்கும் தை, மாசியில் சுண்டிக்குளத்துக்கோ வங்காலைக்கோ விடியற்காலையில் போங்கள். பூநாரைகள் வந்திருந்தால் தூரத்தில் தண்ணீருக்கு மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். குடிதண்ணீரும் கொண்டுபோங்கள், அந்தப் பக்கம் கடை கிடையாது.